அப்பாவின் டிபனுக்காக வாங்கிய வார்ப்பிரும்பு பேன்: மூன்று மாதம் புழங்கிய பிறகு

தந்தையர் தினத்துக்கு இரண்டு நாள் முன்னால் இதை வாங்கி, இதிலேயே அப்பாவுக்குக் காலை டிபன் செய்து அசத்திவிடலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து இந்தத் தடவைக்குப் பழைய நான்ஸ்டிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டி வந்தது, ஞாயிறு காலையில் நான்கு முட்டைகள் பேனோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தன, அப்பா சாப்பிட்டதில் பாதி நான் சுரண்டி எடுத்துப் போட்டது. அதற்காகப் பொருள் மோசம் என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பை விட்டு இறங்காத பாத்திரம் இதுதான். இடையில் நடந்ததைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

26 சென்டிமீட்டர் விட்டம், உடம்போடு சேர்த்து ஒரே வார்ப்பாக ஒரு கைப்பிடி, அதற்கு எதிர்ப்பக்கம் பிடித்துத் தூக்க ஒரு சின்னக் காது, எண்ணெய் வடிக்க இரண்டு பக்கமும் மூக்கு. தராசில் வைத்துப் பார்த்தேன், 2 கிலோ 300 கிராம். கம்பெனி பெயரை எழுதவில்லை. ஏனென்றால் கீழே வரும் புகார்களில் பாதி என் தப்பு, மீதி எந்தக் கம்பெனி வார்த்தாலும் வார்ப்பிரும்புக்கே உள்ள குணம், ஒரே ஒரு புகார்தான் நிஜமாகவே கம்பெனி மேல். பெட்டியில் 'முன்பே பழக்கப்பட்டது, உடனே சமைக்கலாம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்களே, அதுதான்.

வாங்கியதற்குக் காரணம் உருளைக்கிழங்கு. அப்பாவுக்குக் காலையில் பேன்கேக், மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கு, ஓரம் சிவந்த முட்டை, இவை மூன்றும் ஒரே தட்டில் இருந்தால் அன்று முழுக்க நல்ல மூடில் இருப்பார். எங்களிடம் இருந்த நான்ஸ்டிக் பேனில் பூச்சு அங்கங்கே போயிருந்தது, அதை நன்றாகச் சூடேற்றவும் எனக்குப் பயம். அந்தப் பூச்சான டெஃப்லானை 1938இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயு ஆராய்ச்சிக்கு நடுவில் தற்செயலாகக் கண்டுபிடித்தார். ஒட்டாது என்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் பூச்சு கெட ஆரம்பிக்கும் என்பதால் காலிப் பாத்திரத்தைத் தீயில் காயவிடவே கூடாது. பாத்திரம் நன்றாகக் காயாமல் உருளைக்கிழங்கு சிவக்காது, வியர்த்து வேகும். சரி, இரும்புக்கே போவோம் என்று முடிவு செய்தேன்.

முதல் ஞாயிறுக்கு வருகிறேன். திட்டம் என்னவென்றால் அப்பா எழுவதற்குள் எல்லாவற்றையும் முடித்து மேசையில் வைத்துவிடுவது. ஆறு மணிக்குப் பூனை மாதிரி சமையலறைக்குள் போனேன், பேனை அடுப்பில் வைத்தேன், டங். இரண்டே கால் கிலோ இரும்பை அடுப்புக் கம்பி மேல் சத்தமில்லாமல் வைக்க ஒரு தனிப் பயிற்சி வேண்டும், அது எனக்கு இல்லை. அரை நிமிடத்தில் அப்பா வாசலில் நிற்கிறார். "என்னம்மா விழுந்துச்சு?" ஒன்றும் விழவில்லை, உங்களுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கிறேன் என்றேன். "அப்போ நான் திரும்பப் போய்ப் படுத்துக்கவா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். போகச் சொன்னேன். போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ரகசியமாகச் சமைக்க நினைப்பவர்கள் இந்தச் சத்தத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும், எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் முட்டை. பேனைச் சூடாக்கி, வெண்ணெய் போட்டு, நுரை அடங்கியதும் நான்கையும் உடைத்து ஊற்றினேன். இரண்டு நிமிடம் கழித்துத் தட்டைக்கரண்டியை அடியில் விட்டால் உள்ளே போகவே இல்லை. அழுத்தித் தள்ளியதில் மஞ்சள் கரு உடைந்து ஓடியது, அடிப்பாகம் பேனிலேயே தங்கிவிட்டது. பின்னாலிருந்து அப்பா சொன்னார், "இரும்பைப் பழக்காம அடுப்புல வச்சா அது எப்படிம்மா உன் பேச்சைக் கேட்கும்?" பெட்டியிலேயே பழக்கிவிட்டதாகப் போட்டிருக்கிறது என்று காட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்துவிட்டு, "அவங்களுக்குப் பழகியிருக்கும்" என்றார்.

பழக்குவது என்றால் என்ன என்று அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். வார்ப்பிரும்பின் மேற்பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளம் நிறைந்தது. முட்டை திரவமாக இருக்கும்போது அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கி, வெந்து கெட்டியாகும்போது அதன் புரதம் உலோகத்தையே பிடித்துக்கொள்கிறது. எண்ணெயை மெல்லிசாகப் பூசி நல்ல சூட்டில் வைத்தால் அது எண்ணெயாகவே இருக்காது, அதன் கொழுப்பு அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான ஒரு படலமாக மாறிவிடும், எண்ணெய் வண்ணம் காய்ந்து இறுகுகிறதே கிட்டத்தட்ட அந்த மாதிரி. அந்தப் படலம் பல அடுக்கு சேர்ந்தால்தான் பள்ளங்கள் மூடி, பேன் கறுத்துப் பளபளக்கும். ஆலையில் பூசி அனுப்புவது பெரும்பாலும் கடைக்கு வரும்வரை துருப்பிடிக்காமல் இருக்கப் போதும், முட்டைக்குப் போதாது. 'உடனே சமைக்கலாம்' என்பதற்குப் பக்கத்தில் 'முட்டை தவிர' என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

அன்றைக்குப் பேன்கேக்கும் சுமாராகத்தான் வந்தது. நடுவில் கருகல், ஓரத்தில் வெள்ளை. இதுவும் இரும்பின் குணம்தான். அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் வார்ப்பிரும்பைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகம். அடுப்பில் தீ படும் வட்டம் மட்டும் இதில் முதலில் காய்ந்துவிடும், ஓரம் சோம்பேறியாகப் பின்னால் வரும். நான் அவசரத்தில் தீயைக் கூட்டியதால் நடுப்பகுதி எரிந்தது. மிதமான தீயில் எட்டு நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். ஆனால் ஒருமுறை முழுக்கச் சூடாகிவிட்டால் அந்தக் கனத்தினாலேயே சூட்டை விடாது, குளிர்ந்த பொருளை மேலே போட்டாலும் சட்டென்று இறங்காது. வறுவலுக்கு வேண்டியது அதுதான்.

சாப்பிடும்போது அப்பா, "இந்த தினத்தையெல்லாம் யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அமெரிக்காவில் ஸ்போகேன் என்ற ஊரில் சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண் 1909இல் தேவாலயத்தில் அன்னையர் தினப் பிரசங்கம் கேட்டிருக்கிறார், தாயில்லாமல் தன்னையும் தம்பிகளையும் வளர்த்த அப்பாவுக்கு ஏன் ஒரு நாள் இல்லை என்று தோன்றியிருக்கிறது, 1910 ஜூன் 19 அன்று அந்த ஊரில் கொண்டாடினார்கள். அரசு எப்போது ஒப்புக்கொண்டது என்று கேட்டார். அன்னையர் தினத்தை 1914இல், தந்தையர் தினத்தை நிரந்தரமாக்கிச் சட்டம் வந்தது 1972இல் என்றேன். கொஞ்ச நேரம் மென்றுகொண்டே யோசித்துவிட்டு, "அந்தக் கணக்குல பார்த்தா முட்டை ஒட்டினது பெரிய தாமதம் இல்ல" என்றார். அவர் என்னைச் சமாதானப்படுத்தும் முறை இதுதான்.

அடுத்த ஒரு வாரம் பேனைப் பழக்கினேன். நன்றாகக் கழுவி, துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் அடுப்பில் காயவைத்து, இளம் சூட்டில் சமையல் எண்ணெய் அரை டீஸ்பூன் விட்டு உள்ளே, வெளியே, கைப்பிடி வரைக்கும் தேய்க்க வேண்டும். பிறகு தப்பாக எண்ணெய் கொட்டிவிட்ட மாதிரி, காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்து எடுத்துவிட வேண்டும். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள், நானும்தான். எண்ணெய் கொஞ்சம் அதிகமாக நின்றாலும் படலம் ஆகாமல் பிசின் மாதிரி பிசுபிசுவென்று ஆகிவிடும். துடைத்த பேனை ஓவனில் தலைகீழாக வைத்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம், ஓவன் ஆறும்வரை உள்ளேயே விட்டுவிடலாம். இப்படி நான்கு தடவை செய்தேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை வரும். ஓவன் இல்லாதவர்கள் அடுப்பிலேயே மெல்லிய புகை வரும்வரை சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி பூசிச் செய்யலாம், பக்கச் சுவர் மட்டும் சரியாகப் பிடிக்காது. ஆளிவிதை எண்ணெய்தான் சிறந்தது என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள், அது கண்ணாடி மாதிரி அழகாக வரும், ஆனால் செதில் செதிலாக உரிந்து வருவதாகப் புலம்புகிறவர்களும் அதே அளவு இருக்கிறார்கள். நான் வீட்டில் இருந்த சூரியகாந்தி எண்ணெயோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலை டிபனுக்குத் தக்காளியை இதில் போட்டு அரை மணி நேரம் சுண்டவிட்டேன். இறக்கிப் பார்த்தால் கறுப்பு போய்ப் பேனின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், தக்காளியில் இரும்பு வாடை. புளிப்பு அந்தப் படலத்தை அரித்துவிடும், நன்றாகப் பழகிய பழைய பேன் கொஞ்ச நேரம் தாங்கும், புதுசு தாங்காது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்து, வழக்கத்தைவிட இரண்டு டம்ளர் தண்ணீர் அதிகமாகக் குடித்தார். மறுபடி முதலிலிருந்து பழக்கினேன். தக்காளி, எலுமிச்சை, வினிகர் இதெல்லாம் எவர்சில்வர் பாத்திரத்துக்கு.

ஒரு மாதம் கழித்து, தந்தையர் தினத்தை நாங்களே ஒத்திப்போட்டுக்கொண்டு இரண்டாவது முறை கொண்டாடினோம். இந்தத் தடவை அவர் எழுந்தபிறகே ஆரம்பித்தேன், டங் சத்தத்துக்கு வேலையே இல்லை.

உருளைக்கிழங்கை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, வடித்து, ஆவி போகும்வரை அப்படியே பரப்பி வைத்தேன். இதை முந்தின நாள் இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது, மேல்தோல் காய்ந்திருக்கும். பேன் நன்றாகக் காய்ந்ததும் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், துண்டுகளை இடைவெளி விட்டு ஒரே அடுக்காகப் போட்டு ஐந்து நிமிடம் தொடவே இல்லை. உணவு சிவந்து வாசம் வருவதற்குப் பின்னால் இருக்கும் வேதிவினையை முதலில் விவரித்தவர் லூயி கமீல் மையார், 1912இல். அது 140 டிகிரியை ஒட்டித்தான் வேகமெடுக்கும், ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, அதனால்தான் இத்தனை காயவைப்பு. கிளறிக்கொண்டே இருப்பவர்களுக்கும் பேனில் குவித்துப் போடுபவர்களுக்கும் இந்தப் பேனாலும் உதவ முடியாது. திருப்பியபோது அடிப்பக்கம் முழுவதும் ஒரே பழுப்பு நிறம். நான்ஸ்டிக்கில் பத்து வருடமாக எனக்கு இது ஒருமுறை கூட வந்ததில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் பேனுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பேன்கேக்குக்கு 250 கிராம் மைதா, நான்கு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, 400 மில்லி பால், இரண்டு முட்டை, 50 கிராம் உருக்கிய வெண்ணெய். ஈரமானதைக் காய்ந்ததோடு சேர்த்து, மாவில் கட்டி இருக்கும்போதே கலக்குவதை நிறுத்திவிடுங்கள், அதிகம் கலக்கினால் குளூட்டன் பிடித்து ரப்பர் மாதிரி ஆகிவிடும். பத்து நிமிடம் வைத்தால் கட்டி தானாகக் கரையும். பேன் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். அப்படியே உட்கார்ந்து கொதித்தால் இன்னும் காயவில்லை, துள்ளிச் சிதறி உடனே மறைந்தால் ஊற்றலாம், உருண்டையாகி மணி மாதிரி ஓடிக்கொண்டே இருந்தால் சூடு அதிகம். ஓடுவது ஏனென்றால் சொட்டின் அடியில் உருவாகும் ஆவி அதைத் தூக்கிப் பிடிக்கிறது, 1756இல் இதைப் பற்றி எழுதிய லைடன்ஃப்ராஸ்ட் பெயரில்தான் இன்றும் அதை அழைக்கிறார்கள். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், ஒவ்வொரு ஈடுக்கும் நடுவில் விரலை நனைத்துத் தெளித்துக்கொண்டே இருந்தார். மேலே வரும் குமிழ்கள் உடைந்து துளை மூடாமல் நின்றால் திருப்பலாம், ஒரே தடவைதான், தட்டி அமுக்க வேண்டாம்.

குறை இங்கே ஒன்று. 26 சென்டிமீட்டர் என்பது மேல்விளிம்பு அளவு, அடிப்பாகம் சுமார் 22தான். கைக்கு அடக்கமான பேன்கேக் மூன்று ஊற்றினால் திருப்ப இடமில்லை, இரண்டு இரண்டாகத்தான் போக வேண்டும். வீட்டில் நான்கு பேர் என்றால் கடைசி ஆள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 90 டிகிரியில் ஓவனை வைத்து, செய்ததைக் கம்பித்தட்டில் ஒரே வரிசையாக அடுக்கி, மூடாமல் வைத்தேன். மூடினால் ஆவியில் நமுத்துப்போகும். பெரிய குடும்பம் என்றால் 30 சென்டிமீட்டர் வாங்குங்கள், ஆனால் அதைத் தூக்க ஆளையும் சேர்த்து யோசியுங்கள்.

முட்டை இந்தத் தடவை நழுவியது. சின்னத் தீ, கொஞ்சம் தாராளமாக வெண்ணெய், ஓரம் இறுகும்வரை கைவைக்கவில்லை. வெள்ளைக்கரு 62 டிகிரியை ஒட்டி இறுக ஆரம்பிக்கும், மஞ்சள் கரு 65இலிருந்து 70க்குள் கெட்டியாகும். எனக்குப் பிடித்தது ஓடும் மஞ்சள், படத்துக்கும் அதுதான் அழகு. அப்பாவுக்கு நன்றாக வெந்திருக்க வேண்டும், வயதானவர்களுக்கு அதுதான் பாதுகாப்பும் கூட. போன முறை அவர் தட்டில் எனக்குப் பிடித்த முட்டையை வைக்கப் பார்த்தேன் என்பது இரண்டாம் முறை செய்யும்போதுதான் உறைத்தது. ஒரு நிமிடம் மூடி போட்டு முழுக்க வேகவைத்துக் கொடுத்தேன், அந்தத் தட்டில் எதுவும் மிஞ்சவில்லை. காபி அவரே போட்டுக்கொண்டார், அதில் யாரையும் தலையிட விடமாட்டார்.

புழங்குவதில் இன்னும் சில விஷயம். கைப்பிடியும் அதே இரும்பு, அடுப்பில் பத்து நிமிடம் இருந்தாலே கொதிக்கும். நான் வெறும் கையால் பிடித்து ஒரு கொப்புளம் வாங்கிக்கொண்டேன், சிலிகோன் உறை ஒன்று தனியாக வாங்க வேண்டிவந்தது, அதைக் கூடவே கொடுத்திருக்கலாம். மணிக்கட்டு வலி இருப்பவர்கள் ஒற்றைக் கையால் தூக்கவே கூடாது, எதிர்ப்பக்கக் காதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்பா கேட்கிறாரா என்றால் இல்லை. இண்டக்‌ஷனில் வேலை செய்யும். கண்ணாடி அடுப்பில் இழுக்காமல் தூக்கி வையுங்கள், கீறும். சோப்புப் போடக் கூடாது என்பது காரச் சோப்பு இருந்த காலத்துப் பேச்சு, இப்போதைய பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டால் படலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஊறவைப்பதுதான் கெடுதல், ஒரு இரவு தொட்டியில் கிடந்தால் காலையில் துருவோடு எழும். கொதிக்கும் பேனில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம், ஆறவிட்டுக் கழுவி, அடுப்பில் காயவைத்து, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்துவிடுங்கள்.

இந்தக் கடைசி வேலையை இப்போதெல்லாம் அப்பாதான் செய்கிறார். ராத்திரி செய்தி பார்த்துக்கொண்டே மடியில் ஒரு பழைய துணியைப் போட்டு, பேனை வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பார். யாராவது அதில் தக்காளி போட்டார்களா என்று முகர்ந்தும் பார்ப்பார். அவருக்குச் சமைத்துக் கொடுக்க வாங்கியது, அவருக்கே ஒரு வேலை வைத்துவிட்டது, ஆனால் அதை வாங்கிவிடலாம் என்று கை நீட்டினால் கொடுப்பதில்லை.

வாங்கலாமா? அப்பாவுக்குச் செய்து கொடுக்கப் போகும் நாளுக்கு மூன்று வாரம் முன்னாலேயே வாங்கி, பழக்கி, இரண்டு மூன்று தடவை உருளைக்கிழங்கு வறுத்து எண்ணெய் குடிக்கவிட்டு, அதற்கப்புறம் முட்டையைத் தொடுவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். பொறுமை இல்லை, பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றால் வேண்டாம். 5க்கு 4. குறைத்த ஒன்றில் பாதி பெட்டியில் எழுதியிருந்த பொய்க்கு, மீதிப் பாதி அந்த டங்குக்கு.